சளியில் வளர்ந்தது எந்தக் கிருமி? மணலி புதுநகரிலிருந்து சேத்துப்பட்டு வரை... ஒரு கல்ச்சர் ரிப்போர்ட்டின் கதை!

"ஏ.எஃப்.பி. பாசிட்டிவ்."

சளிப் பரிசோதனை ரிப்போர்ட்டில் இந்த ஒரு வரியைப் பார்த்ததும் பல வீடுகளில் அடுத்து நடப்பது ஒன்றுதான். தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். பேரப்பிள்ளையைப் பக்கத்தில் விடுவதில்லை. அக்கம்பக்கத்துக்குக் கேட்டுவிடக் கூடாதென்று பேச்சுக் குரலும் தாழ்ந்துவிடுகிறது. காசநோய் என்று முடிவாகிவிட்டது!

உண்மையில், அந்த வரி காசநோய் என்று சொல்லவே இல்லை. 'இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த கிருமி ஒன்று தெரிகிறது' என்று மட்டுமே சொல்கிறது. அந்தக் குடும்பத்தில் எந்தக் கிருமி என்பது இன்னொரு கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் மரபணுப் பரிசோதனைகளைப் பற்றித்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம்.

மணலி புதுநகரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். கற்பனை வீடுதான். ஆனால், இப்படி நடக்கக்கூடியது என்பதை மருத்துவர்கள் அறிவார்கள்.

வீட்டுக்காரர் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. திருவொற்றியூர் - பொன்னேரி சாலையில் துறைமுகத்துக்கும் யார்டுக்குமாகப் பாதி வாழ்க்கை ஓடியிருக்கிறது. பல வருடங்களுக்கு முன்பு காசநோய் வந்து, ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமானவர். நோய் போனாலும் நுரையீரலில் தழும்பு மிச்சம். இப்போது மறுபடியும் இருமல், எடைக் குறைவு. தெருமுனை லேபில் சளி கொடுத்தார். 'பாசிட்டிவ்.' பழைய நோய் திரும்பிவிட்டது என்று மாத்திரை ஆரம்பித்தாயிற்று. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், அப்போதும் பாசிட்டிவ்.

"நடுவுல எத்தனை நாள் மாத்திரையை விட்டாரும்மா?" என்று கேட்கிறார் வீட்டுக்கு வந்த சுகாதாரப் பணியாளர்.

"ஒரு வேளைகூட விடல அக்கா. நான்தான் கையில எடுத்துக் கொடுக்குறேன். அவரு முழுங்குற வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான் நகருவேன்" என்கிறார் மனைவி.

இந்த இடத்தில் சந்தேகம் வழக்கமாக இரண்டு பக்கம் போகும். ஒன்று, நோயாளி மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை. இரண்டு, மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய். மூன்றாவதாகவும் ஒரு பக்கம் இருக்கிறது. அந்தக் கிருமி ஆரம்பத்திலிருந்தே காசநோய்க் கிருமியாக இல்லாமல் இருக்கலாம்!

ஒரே சாயம், ஒரே முகம்

1882-ம் ஆண்டு மார்ச் 24 அன்று, காசநோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்துவிட்டதாக பெர்லினில் அறிவித்தார் ராபர்ட் காக். இன்றும் அந்த நாள்தான் உலகக் காசநோய் தினம். 'மைக்கோபாக்டீரியம் டியூபர்குளோசிஸ்' என்பது அந்தக் கிருமியின் பெயர்.

'மைக்கோபாக்டீரியம்' என்பது குடும்பப் பெயர். தொழுநோய்க் கிருமியும் இந்தக் குடும்பம்தான். இதுவரை அடையாளம் காணப்பட்ட வகைகள் மட்டும் நூற்றுக்கும் மேலே. இவற்றில் பெரும்பாலானவை மண்ணிலும் தண்ணீரிலும் தம் பாட்டுக்கு வாழ்பவை. காசநோயையும் தொழுநோயையும் தராத இவற்றை 'காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியா', சுருக்கமாக 'என்.டி.எம்.' என்கிறார்கள் மருத்துவர்கள்.

இந்தக் குடும்பத்துக்கே பொதுவான ஓர் அடையாளம் உண்டு. உடம்பைச் சுற்றி மெழுகு போன்ற கெட்டியான கொழுப்புச் சுவர். சிவப்புச் சாயம் ஏற்றிச் சூடு காட்டினால், அந்தச் சுவர் சாயத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பிறகு அமிலத்தை ஊற்றிக் கழுவினாலும் சிவப்பு போகாது. இதைத்தான் 'ஆசிட் ஃபாஸ்ட் பேசிலஸ்' என்கிறார்கள். ஏ.எஃப்.பி. என்பது அதன் சுருக்கம்.

மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது நீல நிறப் பின்னணியில் சின்னச் சின்னச் சிவப்புக் குச்சிகள் தெரியும். காசநோய்க் கிருமியும் சிவப்புக் குச்சிதான். குழாய்த் தண்ணீரில் வாழும் அப்பாவிக் கிருமியும் சிவப்புக் குச்சிதான். பல வருட அனுபவமுள்ள டெக்னீஷியனாலும் இரண்டையும் பார்த்த பார்வையில் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியாது.

நம் ஊரில் காசநோய் அதிகம் என்பதால், சிவப்புக் குச்சி தெரிந்தால் பெரும்பாலும் அது காசநோயாகத்தான் இருக்கும். 'பெரும்பாலும்' என்ற அந்தச் சொல்லுக்கு வெளியே நிற்பவர்கள்தான் மணலி புதுநகர் லாரி டிரைவரைப் போன்றவர்கள்.

வளர்த்துப் பார்த்தால்?

சரி, கிருமியை வளர்த்துப் பார்க்கலாம். அதுதான் கல்ச்சர்.

பழைய முறையில் இதற்கு முட்டை வேண்டும். ஆமாம், கோழி முட்டைதான்! முட்டையுடன் சில உப்புகள், கிளிசரின், மேலகைட் கிரீன் என்ற பச்சைச் சாயம் எல்லாம் கலந்து, குப்பியைச் சாய்த்து வைத்து உறைய வைப்பார்கள். 'லோவன்ஸ்டீன் - ஜென்சன்' ஊடகம் என்று பெயர். லேப்களில் 'எல்.ஜே.' என்றால் போதும். அந்தப் பச்சைச் சரிவின் மேல் நோயாளியின் சளியைச் சுத்தம் செய்து தடவி, 37 டிகிரி சூட்டில் வைப்பார்கள்.

அப்புறம் காத்திருக்க வேண்டியதுதான். வயிற்றுப்போக்கு தரும் சில கிருமிகள் 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகும். காசநோய்க் கிருமி ஒருமுறை இரண்டாக ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் எல்.ஜே. குப்பியை 8 வாரம் வரை வைத்துப் பார்க்கிறார்கள். 'எம்.ஜி.ஐ.டி.' என்ற திரவக் கல்ச்சர் கொஞ்சம் வேகம். கிருமி வளர்ந்து குழாயில் உள்ள ஆக்சிஜனைத் தீர்க்கத் தீர்க்க, அடியில் இருக்கும் ரசாயனம் ஒளிர ஆரம்பிக்கும். மெஷின் அதைக் கண்டுபிடித்துவிடும். இதில் பல கல்ச்சர்கள் இரண்டு, மூன்று வாரங்களிலேயே பாசிட்டிவ் காட்டிவிடும். நெகட்டிவ் என்று சொல்ல மட்டும் 42 நாள் பொறுக்க வேண்டும்.

வளர்ந்துவிட்டது. ஆனாலும், வளர்ந்தது யார்?

முன்பெல்லாம் இதற்கு இன்னொரு சுற்றுப் பரிசோதனை நடக்கும். நியாசின் உண்டாகிறதா, நைட்ரேட்டை மாற்றுகிறதா, 68 டிகிரி சூட்டில் காட்டலேஸ் வேலை செய்கிறதா, 'பி.என்.பி.' என்ற ரசாயனம் கலந்த ஊடகத்தில் வளர்கிறதா (காசநோய்க் கிருமி அதில் வளராது) என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். பதில் கிடைக்க மேலும் சில வாரங்கள். அதுவரை நோயாளி ஏதோ ஒரு மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். சரியான மருந்தா, இல்லையா என்பது தெரியாமலே!

ஜிப்பின் ஒரு பக்கம்

இந்தக் காத்திருப்பைச் சில மணி நேரமாகச் சுருக்கியதுதான் மரபணு புரோப்.

ஸ்கூல் பேக்கில் இருக்கும் ஜிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கப் பற்களும் மறு பக்கப் பற்களும் பொருந்தினால்தான் ஜிப் மூடும். மரபணுவும் அப்படித்தான். அதன் ஒரு இழையில் எழுத்துகள் எந்த வரிசையில் இருக்கின்றனவோ, அதற்குப் பொருத்தமான வரிசை கொண்ட இழை மட்டுமே அதனுடன் சேர்ந்துகொள்ளும்.

காசநோய்க் கிருமியிடம் மட்டுமே இருக்கும் ஒரு சிறு வரிசையைத் தேர்ந்தெடுத்து, அதற்குப் பொருந்தும் மறுபக்கத்தை லேபில் செயற்கையாகச் செய்கிறார்கள். அந்தத் துண்டில் ஒளி தரும் ஒரு ரசாயனத்தையும் ஒட்டிவிடுகிறார்கள். இதுதான் புரோப். கிருமியை உடைத்து, உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவந்து, புரோப்பை அதில் விடவேண்டும். பொருத்தமான இழை இருந்தால் ஜிப் மூடும். ஒளி தெரியும். இல்லையென்றால் இருட்டு.

கல்ச்சரில் வளர்ந்த கிருமியை அடையாளம் காண இந்த முறை 1980-களில் மருத்துவமனை லேப்களுக்குள் வந்தது. அமெரிக்காவின் சான் டியாகோவில் இருந்த ஜென்-புரோப் நிறுவனம் இதில் முன்னோடி. அதன் 'அக்யூபுரோப்' கிட், கிருமியின் ரைபோசோமில் இருக்கும் ஆர்.என்.ஏ.வைக் குறிவைத்தது. அதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு கிருமிக்குள் ஒரு மரபணு பெரும்பாலும் ஒரே ஒரு பிரதிதான் இருக்கும். ரைபோசோம்களோ, புரதம் தயாரிக்கும் தறிகள் மாதிரி, ஏராளமாக இருக்கும். அதனால், கல்ச்சரில் வளர்ந்த கிருமிக்கு மரபணுவைப் பெருக்கும் பி.சி.ஆர். வேலை தேவைப்படாமலேயே ஒளி கண்டுபிடிக்கும் அளவுக்குக் கிடைத்துவிடும்.

பொருந்தாமல் மிதக்கும் புரோப்பும் ஒளி தந்து குழப்புமே என்ற சந்தேகம் வரலாம். அதற்கும் வழி வைத்திருந்தார்கள். ஜிப் மூடியிருந்தால், ஒளி தரும் ரசாயனம் இரண்டு இழைகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கும். மூடாமல் திரியும் புரோப்பில் இருப்பதை மட்டும் இன்னொரு ரசாயனம் அழித்துவிடும். மிச்சமிருக்கும் ஒளியை மெஷின் எண்ணாகக் காட்டும். ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பதில்!

காசநோய்க் கூட்டத்துக்கு ஒரு புரோப், ஏவியம் கூட்டத்துக்கு ஒன்று, கன்சாசிக்கு ஒன்று, கோர்டோனேவுக்கு ஒன்று என்று தனித்தனியாக வந்தன. கடைசியாகச் சொன்ன 'மைக்கோபாக்டீரியம் கோர்டோனே' குழாய்த் தண்ணீரில் சாதாரணமாக இருப்பது. மனிதருக்கு நோய் தருவது மிக அபூர்வம். பிறகு எதற்கு அதற்கென்று ஒரு புரோப்? சாம்பிளில் தண்ணீர் வழியாகக் கலந்து, கல்ச்சரில் வளர்ந்து, நோய்க் கிருமி போல வேஷம் போடுவதில் அது கில்லாடி. 'இவன் சும்மா வந்தவன்' என்று சொல்லத்தான் அந்தப் புரோப்.

பட்டையில் விழும் கோடுகள்

இன்று இந்தியாவின் அரசுக் காசநோய் லேப்களில் அதிகம் புழங்குவது இதன் அடுத்த தலைமுறை. 'லைன் புரோப் அஸே', சுருக்கமாக எல்.பி.ஏ.

விரல் அகலம்கூட இல்லாத ஒரு வெள்ளைப் பட்டை. அதில் குறுக்கே வரிசையாக, கண்ணுக்குத் தெரியாமல் பல புரோப்கள் ஒட்டப்பட்டிருக்கும். கிருமியின் மரபணுவைப் பி.சி.ஆரில் பெருக்கி, பட்டையின் மேல் விடுவார்கள். எங்கெல்லாம் பொருந்துகிறதோ, அங்கெல்லாம் நிறக் கோடு விழும். ஒரு கோடு 'காசநோய்க் கூட்டம்தான்' என்று சொல்லும். மற்ற கோடுகள் ரிஃபாம்பிசின், ஐசோனியசிட் ஆகிய இரண்டு முக்கிய மருந்துகளுக்குக் கிருமி கட்டுப்படுமா என்று சொல்லும். 2008-ல் உலக சுகாதார நிறுவனம் இந்த முறைக்கு ஒப்புதல் அளித்தது. என்.டி.எம். வகைகளைப் பிரித்துக் காட்டுவதற்கென்றே தனிப் பட்டைகளும் உண்டு.

அரசு மருத்துவமனைகளில் 'சி.பி.நாட்' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஜீன்எக்ஸ்பர்ட் மெஷினில் செய்யும் அந்தப் பரிசோதனைக்குள்ளும் புரோப்தான் வேலை செய்கிறது. 'மாலிகுலர் பீக்கன்' என்று பெயர். ஹேர்பின் மாதிரி வளைந்திருக்கும்வரை ஒளிராது. தனக்குப் பொருத்தமான இழை கிடைத்ததும் நிமிர்ந்து ஒளிரும். நியூயார்க்கில் இதை உருவாக்கி 1996-ல் வெளியிட்ட இருவரில் ஒருவர் சஞ்சய் தியாகி. இந்தியர்! கோவாவைச் சேர்ந்த நிறுவனம் தயாரிக்கும் 'ட்ரூநாட்' இன்னும் சிறியது. பேட்டரியிலேயே இயங்கும் என்பதால் ஆரம்ப சுகாதார நிலையம் வரை போயிருக்கிறது. இவை இரண்டும் கல்ச்சருக்குக் காத்திருக்காமல் சளியிலிருந்தே நேரடியாகப் பதில் சொல்பவை.

லாரி டிரைவர் வீட்டுக்குத் திரும்புவோம். அரசு மையத்தில் அவர் சளியை இந்த மெஷினில் போடுகிறார்கள். 'காசநோய்க் கிருமி இல்லை' என்று வருகிறது. மைக்ராஸ்கோப்பில் நிறையச் சிவப்புக் குச்சிகள், மரபணுப் பரிசோதனையில் காசநோய் இல்லை. இந்த இரண்டு ரிப்போர்ட்டும் ஒன்றுக்கொன்று முரண்படும் இடத்தில்தான் மருத்துவரின் புருவம் உயரும். உடனே என்.டி.எம். சந்தேகம் வரும். சாம்பிள் கல்ச்சருக்குப் போகும். வளர்ந்ததைப் புரோப் வைத்துப் பெயர் கேட்பார்கள்.

சென்னைக் கிருமி கொடுத்த பாடம்

மணலியிலிருந்து நகருக்குள் வந்தால் சேத்துப்பட்டில் ஒரு வளாகம் இருக்கிறது. 1956-ல் 'காசநோய் மருந்து சிகிச்சை மையம்' என்று தொடங்கி, பிறகு 'காசநோய் ஆராய்ச்சி மையம்' ஆகி, இன்று 'தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்' என்ற பெயரில் இயங்குகிறது. சானடோரியத்தில் படுக்க வைக்காமல் வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் காசநோய் குணமாகும் என்று 1959-ல் உலகத்துக்கே காட்டியது இந்த இடம்தான். வீட்டில் சிகிச்சை பெற்றவர்களால் குடும்பத்தில் மற்றவர்களுக்கு நோய் கூடுதலாகப் பரவவில்லை என்பதையும் அதே ஆய்வுத் தொடர் காட்டியது. தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கும் வீடுகள் இதை இன்னும் அறியவில்லை என்பது வேறு கதை.

மரபணுப் பரிசோதனை விஷயத்திலும் சேத்துப்பட்டுக்கு ஒரு கதை உண்டு.

1990-களில் காசநோய்க் கிருமியை அடையாளம் காண உலகம் முழுக்க ஆய்வாளர்கள் விரும்பிப் பயன்படுத்திய இலக்கு, 'ஐ.எஸ். 6110' என்ற மரபணுத் துண்டு. பல நாட்டுக் கிருமிகளில் இது பத்து, பதினைந்து பிரதிகள்கூட இருக்கும். பிரதி அதிகம் என்றால் புரோப்புக்குப் பிடிப்பது சுலபம். பிரதிகள் எங்கெங்கே இருக்கின்றன என்பதைப் பார்த்து, கைரேகை மாதிரி ஒரு கிருமியை இன்னொன்றிலிருந்து பிரிக்கவும் முடியும்.

சென்னை நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளில் இதைச் சோதித்த சேத்துப்பட்டு ஆய்வாளர்களுக்குக் காத்திருந்தது ஆச்சர்யம். கணிசமான கிருமிகளில் இந்தத் துண்டு ஒரே ஒரு பிரதிதான் இருந்தது. சிலவற்றில் அதுவும் இல்லை! தென்னிந்தியாவில் அதிகம் காணப்படுவது காசநோய்க் கிருமியின் பழைமையான பரம்பரைகளில் ஒன்று. வேறு நாட்டுக் கிருமியை வைத்துச் செய்த சோதனையின் கண்ணில் அது முழுசாகப் படாமல் போகலாம்.

இதன் அர்த்தம் என்ன? அந்த ஒரு துண்டை மட்டும் நம்பினால், சென்னையில் நிஜமான காசநோய் உள்ள ஒருவருக்கு 'இல்லை' என்று ரிப்போர்ட் வர வாய்ப்பு இருக்கிறது. மூளைக்காய்ச்சலாக வரும் காசநோயில் இப்படித் தவறவிட்டால் உயிருக்கே ஆபத்து. எனவே, சேத்துப்பட்டு ஆய்வாளர்கள் நம் கிருமிகளிலும் இருக்கும் வேறொரு துண்டைத் தேடிப் பிடித்தார்கள். தங்கள் மையத்தின் ஆங்கிலச் சுருக்கப் பெயரையே அதற்கு வைத்தார்கள். 'டி.ஆர்.சி. 4.' காசநோய் மூளைக்காய்ச்சலைக் கண்டறிவதில் இதையும் ஐ.எஸ். 6110-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்த முடிவுகள் 2001-ல் வெளியாயின.

ஜிப்பின் ஒரு பக்கத்தை எங்கோ தயாரிக்கலாம். மறுபக்கம் இருப்பது உள்ளூர்க் கிருமியிடம். அதைச் சரிபார்க்காமல் எந்தப் பரிசோதனையையும் நம்பிவிட முடியாது என்பதுதான் இதில் கிடைத்த பாடம்.

நம் மண்ணிலும் தண்ணீரிலும்

என்.டி.எம். ஏதோ வெளிநாட்டு விருந்தாளி என்று நினைக்க வேண்டாம். மணலிக்கு மேற்கே, திருவள்ளூர் வட்டாரக் கிராமங்களில் 1968-ல் ஒரு மிகப் பெரிய தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. அப்போது அது செங்கல்பட்டு மாவட்டம். இரண்டரை லட்சம் பேருக்கும் மேல் பங்கெடுத்த பி.சி.ஜி. ஆய்வு அது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்ற அதன் முடிவு உலகத்தையே திகைக்க வைத்தது. (குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோயிலிருந்து பி.சி.ஜி. காப்பாற்றுகிறது. எனவே, பிறந்த குழந்தைக்குப் போடும் ஊசியைத் தவறவிடக் கூடாது.)

ஏன் இப்படி என்று தேடியபோது முன்வைக்கப்பட்ட விளக்கங்களில் ஒன்று, சுற்றுச்சூழலில் இருக்கும் மைக்கோபாக்டீரியாக்கள். அவற்றுடன் பழகிப் பழகி, அந்தப் பகுதி மக்களின் எதிர்ப்பு சக்தி முன்பே வேறு மாதிரி தயாராகியிருக்கலாம் என்றார்கள். அதே ஆய்வுப் பகுதி மக்களின் சளியிலிருந்தும் என்.டி.எம். வகைகள் வளர்ந்ததை 1985-ல் சென்னை ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அவற்றில் முதலிடம் ஏவியம் - இன்ட்ராசெல்லுலாரே கூட்டத்துக்கு.

சளியில் வளர்ந்தால் அவர்களுக்கெல்லாம் நோய் என்று அர்த்தமில்லை. இந்தக் கிருமிகளைத் தினமும் எல்லோரும்தான் சுவாசிக்கிறோம், குடிக்கிறோம். ஆரோக்கியமான நுரையீரல் அவற்றைக் கண்டுகொள்வதே இல்லை. பழைய காசநோய்த் தழும்பு, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், எதிர்ப்பு சக்திக் குறைவு என்று ஏதாவது ஒரு பலவீனம் இருந்தால்தான் அவை இடம்பிடிக்கும். அதனால், நுரையீரல் என்.டி.எம். நோய் என்று முடிவு செய்ய, வேறு வேறு நாளில் எடுத்த குறைந்தது இரண்டு சளி சாம்பிள்களில் அதே கிருமி வளர வேண்டும், அறிகுறியும் ஸ்கேனும் ஒத்துப்போக வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள் மருத்துவர்கள்.

பெயர் தெரிந்தால் என்ன மாறும்?

எல்லாமே மாறும்.

சாதாரண காசநோய்க்கு ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எத்தம்பியூட்டால் ஆகிய மருந்துகள், மொத்தம் 6 மாதம். ஏவியம் கூட்டத்துக்கு அசித்ரோமைசின் வகை மருந்துதான் அடித்தளம். அதனுடன் ரிஃபாம்பிசின், எத்தம்பியூட்டால். கல்ச்சர் நெகட்டிவ் ஆன பிறகும் 12 மாதம் தொடர வேண்டும். 'அப்செசஸ்' என்ற வகைக்கோ காசநோய் மாத்திரைகள் எதுவுமே பிரயோஜனப்படாது.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. யாரென்று தெரியாத என்.டி.எம். கிருமியைக் காசநோய் மருந்துகளில் சோதித்தால், பல மருந்துகளுக்குக் கட்டுப்படாததாகத் தெரியும். 'மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்' என்று தவறாக முத்திரை விழுந்தால், காது கேளாமை, நரம்பு பாதிப்பு போன்ற பக்கவிளைவு தரக்கூடிய கடுமையான மருந்துகளில் போய் மாட்டிக்கொள்ள நேரலாம். அதனால்தான், முதலில் பெயர், பிறகு மருந்துச் சோதனை என்பது லேபின் ஒழுங்கு.

வீட்டுக்குள்ளும் மாற்றம் வரும். காசநோய், இருமும்போதும் தும்மும்போதும் காற்றில் பரவுவது. வீட்டில் உள்ள எல்லோரையும் பரிசோதிக்க வேண்டும். தட்டு, டம்ளர் வழியாக அது பரவாது. என்.டி.எம். நோயோ, பொதுவாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை. லாரி டிரைவரின் கல்ச்சரில் வளர்ந்தது இன்ட்ராசெல்லுலாரே என்று ரிப்போர்ட் வந்தால், அன்று இரவே பேரப்பிள்ளை தாத்தா பக்கத்தில் படுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, அந்த அம்மா சொன்ன பேச்சும் உண்மையாகிறது. மாத்திரையை அவர் விடவே இல்லை. மாத்திரைதான் அந்தக் கிருமிக்கானதாக இல்லை.

புரோப்புக்கும் எல்லை உண்டு

புரோப் சொல்வது எல்லாமே இறுதித் தீர்ப்பு இல்லை. காசநோய் புரோப் 'காசநோய்க் கூட்டம்' என்றுதான் சொல்லும். மாட்டிலிருந்து வரும் போவிஸ் வகையா, மனிதக் காசநோய்க் கிருமியா என்று பிரிக்க வேறு பரிசோதனை வேண்டும். செலாட்டம் என்ற அபூர்வமான என்.டி.எம். கிருமி, அந்தப் பழைய காசநோய் புரோப்பையே ஏமாற்றியதும் பதிவாகியிருக்கிறது. எந்தக் கிருமியைக் கேட்கிறோமோ, அதற்கு மட்டுமே 'ஆம், இல்லை' சொல்வது புரோப்பின் இயல்பு. பட்டியலில் இல்லாத கிருமிக்கு மரபணு எழுத்துகளையே நேரடியாகப் படிக்கும் சீக்வென்சிங் தேவைப்படும்.

அதேபோல, சளியில் கிருமி மிகக் குறைவாக இருந்தால், மரபணுப் பரிசோதனையும் காசநோயைத் தவறவிடலாம். 'மெஷின் இல்லைன்னு சொல்லிடுச்சு' என்று தொடர் இருமலை அலட்சியப்படுத்துவது தவறு.

வீட்டில் நினைவில் வைக்க வேண்டியவை

* இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு இருந்தால் அரசு மையத்தில் சளிப் பரிசோதனை செய்யுங்கள். மரபணுப் பரிசோதனையும் காசநோய் மருந்தும் அங்கே இலவசம்.

* ஸ்மியர் பாசிட்டிவ் என்று மட்டும் ரிப்போர்ட் வந்தால், "மரபணுப் பரிசோதனை செய்தாச்சா டாக்டர்?" என்று கேளுங்கள்.

* ஒழுங்காக மருந்து சாப்பிட்டும் சளி பாசிட்டிவாகவே இருந்தால், "கல்ச்சரில் வளர்ந்தது எந்தக் கிருமி?" என்று கேளுங்கள். கேட்பது நோயாளியின் உரிமை.

* லேப்ராஸ்கோபி ஆபரேஷன் தழும்போ, ஊசி போட்ட இடமோ பல வாரங்கள் கழித்துச் சீழ் வைத்து ஆறாமல் இருந்தால், அதுவும் என்.டி.எம். வேலையாக இருக்கலாம். அங்கிருந்து எடுக்கும் திசு முழுவதையும் ஃபார்மலினில் போட்டால், கிருமி செத்துவிடும், கல்ச்சர் செய்ய முடியாது. ஒரு பகுதியை ஃபார்மலின் படாமல் கல்ச்சருக்கு அனுப்ப முடியுமா என்று முன்கூட்டியே மருத்துவரிடம் பேசுங்கள்.

* பழைய ரிப்போர்ட், எக்ஸ்ரே எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஒழுங்காக போட்டோ எடுத்தாவது வைத்துக்கொள்ளுங்கள்.

* காசநோய் உறுதியாகி அரசின் நிக்‌ஷய் திட்டத்தில் பதிவானவர்களுக்கு, ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். 2024 நவம்பருக்கு முன்பு இது 500 ரூபாயாக இருந்தது.

* எல்லாவற்றையும்விட முக்கியம், இதைப் படித்துவிட்டு, 'நமக்கும் வேற கிருமியா இருக்குமோ' என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பாசிட்டிவ் வரும் பெரும்பாலானவர்களுக்கு இருப்பது காசநோய்தான். அதற்குரிய மாத்திரைதான் அவர்களைக் காப்பாற்றும்.

மணலி புதுநகர் வீட்டின் ரிப்போர்ட்டில் இப்போது 'பாசிட்டிவ்' என்ற சொல்லுக்குக் கீழே ஒரு கிருமியின் பெயரும் இருக்கிறது. வாயில் நுழையாத பெயர்தான். ஆனால், அந்தப் பெயர் வந்த பிறகுதான் மருத்துவர் சரியான மருந்தை எழுதினார். அந்த அம்மா தனித் தட்டை எடுத்துக் கழுவி, மற்ற தட்டுகளோடு சேர்த்து அடுக்கி வைத்தார்.